பசை காயும்வரை

தச்சர் விழுந்தது சாரத்திலிருந்தோ கூரையிலிருந்தோ அல்ல. அப்படி விழுந்திருந்தால் கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொள்ள ஓர் உயரமாவது இருந்திருக்கும். நாலாவது மாடி வீடொன்றில் அலமாரி பூட்டிக் கொடுத்துவிட்டு, கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தார். இன்னும் ஒரு படி இருந்தது.

முப்பது வருஷமாக எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், உட்காருங்கள் என்று அவர்கள் சொல்வதற்குள், உங்கள் வாசல் நிலை கால் அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனிதர். கண்ணாலேயே அளந்துவிடுவார் என்பதால் சக தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் மூலைமட்டம், செங்கோணம் பார்க்கிற கருவியின் பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் கோபம் வந்திருக்காது, பட்டமளிப்பு விழா மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் ஒரு படியைக் கணக்கில் விட்டுவிட்டார் என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. படி கட்டினவன்தான் ஏமாற்றிவிட்டான் என்றார். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபடி, மற்ற படியெல்லாம் ஏழு அங்குலம், அது மட்டும் ஆறு என்று நர்ஸுக்கு விளக்கினார். நர்ஸ் அவருடைய பிறந்த தேதியைக் கேட்டாள்.

வலது முழங்கால் சில்லு இரண்டாகப் பிளந்திருந்தது. கம்பி போட்டு இழுத்துக் கட்டினார்கள்.

அவர் மனைவிக்கு அன்று சலவைக்கூடத்தில் பகல் ஷிப்ட். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வந்து விழும் கூடம் அது. நீராவி இஸ்திரி மேஜைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிற வேலை. செய்தி வந்தபோது கையில் பாதி மடித்த விரிப்பு இருந்தது. அதை முழுசாக மடித்து அடுக்கில் வைத்துவிட்டுத்தான் ஓடினாள். பிறகு பல நாள், அந்த மிச்சப் பாதியை ஏன் மடித்தோம் என்று யோசித்திருக்கிறாள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், பிசியோதெரபி பார்க்கிற பெண் வார்டுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். சட்டைப் பையில் ஒரு பாதி பிஸ்கெட் பாக்கெட். மேஸ்திரி, மேஸ்திரி என்று தச்சரை உரிமையோடு கூப்பிட்டு, படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தாள். பேசும்போது அவரைவிட அவர் மனைவியைத்தான் அதிகம் பார்த்தாள்.

"அக்கா, நீங்களும் கேட்டுக்கங்க. ரெண்டு வாரம் இந்தப் பட்டை இருக்கட்டும். அதுக்கப்புறம் தினம் மூணு வேளை பட்டையக் கழட்டிட்டு கால கொஞ்சம் கொஞ்சமா மடக்கணும். ஆறு வாரத்துல தொண்ணூறு டிகிரி வந்துரணும். வலிக்கும். வலிக்குதேன்னு விட்டுறாதீங்க. வாரம் ஒருக்கா எங்கிட்டக் கூட்டிட்டு வாங்க."

தச்சரின் மனைவி தலையாட்டினாள். நன்றாகக் கேட்டது, புரிந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

பிசியோ அடுத்த கட்டிலுக்குப் போனதும் தச்சர் தாளை எட்டப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். படத்தில் இருக்கிறவனுக்கு ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, முழங்கால் தொடை நடுவில் இருக்கிறது, இவனை எந்த வைத்தியத்தாலும் நிமிர்த்த முடியாது என்று தீர்ப்பு சொன்னார். பிறகு தாளை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றார் மனைவியிடம். "ஒடஞ்ச பலகைய ஒட்டறோம். பசை வெச்சு, கிளாம்பு போட்டு முறுக்கறோம். காயறதுக்குள்ள எடுத்து ஆட்டிப் பாப்பமா?"

வீட்டில் அவர் செய்த நாற்காலிகள் நாலு இருந்தன, கல்யாணமான வருஷம் செய்தவை. இன்றுவரை எதுவும் கிறீச்சென்றுகூட ஒரு சத்தம் போட்டதில்லை. பிசியோ பெண்ணிடம் இருந்ததோ ஒரு தாளும் அரைப் பாக்கெட் பிஸ்கெட்டும். முப்பது வருஷமாக ஒட்டினது எதுவும் விட்டுப்போகாத மனிதர் ஒருவர் கேட்கிற கேள்விக்கு இஸ்திரி போடுகிறவள் என்ன சொல்வாள்?

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிப் பட்டையைத்தான் முதலில் குறை சொன்னார். துணியும் ஒட்டுப் பட்டையும் சேர்ந்த அதை ஒரு விரலால் தூக்கிக் காட்டி, இது கிளாம்பா, குழந்தைக்குக் கட்டுகிற துண்டா என்றார். மச்சானைக் கூப்பிட்டனுப்பினார்.

மச்சான் என்பது அவளுடைய தம்பி. வங்கி வாசலில் காவல் நிற்கிறவர். கதவைத் திறந்துவிடுவதுதான் வேலை என்றாலும், உள்ளே நடப்பதெல்லாம் தம்மைக் கேட்டுத்தான் நடக்கிறது என்கிற தோரணை. சீருடையோடு வந்து நின்று, கட்டிலில் படுத்திருந்த தச்சர் சொன்ன அளவுக்கெல்லாம் பலகை அறுத்தார். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு லேசான பலகைகள், இடுப்புக்குக் கீழிருந்து கணுக்கால்வரை. உள்பக்கம் பழைய கம்பளித் துணி. நாலு தோல் வார்கள், நாலு பக்கிள்கள். ஓரமெல்லாம் இழைத்து, உருட்டி, உப்புத்தாள் போட்டு, வார்னிஷும் அடித்தார்கள். காலில் கட்டுகிற கட்டைக்கு எதற்கு வார்னிஷ் என்று கேட்கிறவர்களுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம்.

"ஆஸ்பத்திரிக்காரன் இதப் பாத்தான்னா நாளைக்கே காப்பியடிச்சுருவான் மாமா" என்றார் மச்சான்.

பார்க்க வந்தவர்கள் காலைப் பற்றி இரண்டு வார்த்தையும் கட்டையைப் பற்றி இருபது வார்த்தையும் பேசிவிட்டுப் போனார்கள். கான்ட்ராக்டரும் வந்து பார்த்தான். மழைக்காலம் முடிந்ததும் பள்ளிக்கூட மண்டபம் முழுக்கப் பலகைத் தரை போடவேண்டும், அந்த வேலை உங்களுக்குத்தான், காத்திருக்கிறேன் என்றான். தச்சர் வாழ்நாளில் அவ்வளவு பெரிய தரை போட்டதில்லை. தரை வேலை என்றால் காலை முதல் மாலைவரை முட்டி போட்டே செய்கிற வேலை. முட்டி நன்றாக இறுக வேண்டும், அவசரப்படக்கூடாது என்று அவர் அன்றே முடிவு செய்துவிட்டார்.

பக்கிள்கள் தொடைக்கு அடியிலும் குதிகாலுக்கு மேலும் பின்பக்கமாக இருந்தன. முன்பக்கம் வைத்தால் பலகையின் நேர்த்தி கெட்டுப்போகுமாம். அதனால் அவராகக் கட்டிக்கொள்ள முடியாது. தினமும் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அவள்தான் கட்டில் ஓரத்தில் குனிந்து, இரவில் தளர்ந்த வாரை இழுப்பாள். இன்னும் ஒரு ஓட்டை, என்பார் அவர். அவள் இழுப்பாள். பிறகு அவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார்த்தி, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்து, கைக்கெட்டுகிற தூரத்தில் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைப்பாள்: தண்ணீர், கத்தி, வெட்டுப்பலகை, காய், பேப்பர், அடுப்பு. அடுப்பு மேஜையையே அவர் பக்கம் இழுத்துப் போட்டிருந்தாள்.

வெளியே மழை ஓயாமல் பெய்தது. அவள் ஈரக் குடையோடு வீட்டுக்கு வரும்போது உள்ளே உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும். பீன்ஸ் அத்தனையும் ஒரே நீளத்தில் நறுக்கி அடுக்கியிருக்கும். ஒன்று நீளமாக இருந்தால் அதைத் தனியே வைத்து, இது நான் பேப்பர் படித்துக்கொண்டே வெட்டினது என்று மன்னிப்புக் கேட்பார். சாப்பிடும்போது கதை சொன்னார். எந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாமல் இரண்டு அலமாரி செய்யச் சொன்னார்கள், எந்தக் கிழவர் தம் கட்டிலின் நாலு காலையும் இரண்டு அங்குலம் அறுக்கச் சொல்லி அழுதார். முப்பது வருஷமாக மரத்தூளோடு வந்து, சாப்பிட்டு, படுத்து, விடியும் முன் கிளம்பிப் போனவர் அத்தனை நாளும் எங்கே போய் வந்தார் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. குழந்தைகள் இல்லாத வீடு. வேறு யாரும் குறுக்கே பேச இல்லை. சலவைக்கூடத்திலிருந்து அவள் வேகமாக நடந்து வர ஆரம்பித்தாள். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். அதற்கெல்லாம் அவள் பெயர் ஒன்றும் வைத்துப் பார்க்கவில்லை.

தொடை மெலிந்துகொண்டு வந்தது. முதல் வாரம் மூன்றாவது ஓட்டையில் நின்ற வார், நாலாவது வாரம் ஆறாவது ஓட்டைக்குப் போயிற்று. வீக்கம் வற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். பிசியோ சொன்ன இரண்டு வாரம் கடந்தபோது, காலை மடக்க வேண்டாமா, அந்தப் பெண்ணிடம் போக வேண்டாமா என்று ஒரு தடவை கேட்டாள். பசை மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரமாகவே இருக்கும் என்றார். ஆறு வாரம் ஆனபோது இன்னொரு தடவை கேட்டாள்.

"மழைக்காலத்துல எதுவும் காய நாளாகும். ரெண்டு வாரம் சேத்தே வெப்போம்."

மறுநாள் காலையும் அவள் குனிந்து வாரை இழுத்தாள்.

எட்டாவது வாரம் பெரிய டாக்டரிடம் போனார்கள். கட்டையை அன்று காலைதான் கழற்றினார்கள். பெரிய டாக்டர் ஆறு மாணவர்கள் புடைசூழ வந்தார். அவர் நோயாளிகளிடம் பேசுகிற வழக்கமில்லை, எக்ஸ்ரேயிடம்தான் பேசுவார். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, மாணவர்களைப் பார்த்து, அழகாகச் சேர்ந்திருக்கிறது, உடைந்த கோடே தெரியவில்லை என்றார். தச்சர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவர் முகம் அப்படிப் பளிச்சென்று இருந்ததில்லை. பெரிய டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமலே, காலை மடக்குங்கள் என்றார்.

தச்சர் மடக்கினார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. கால் மட்டும் ஏதோ வேறொருவருடையது போல அப்படியே கிடந்தது. பெரிய டாக்டர் குதிகாலுக்குக் கீழே கை கொடுத்து ஒரு முறை அழுத்திப் பார்த்தார். தச்சர் போட்ட சத்தத்தில் மாணவர்களில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரிய டாக்டர் சீட்டில் இரண்டு வரி எழுதினார். பிசியோவுக்கு அனுப்பு என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, ஆறு பேரோடும் அடுத்த எக்ஸ்ரேயைப் பார்க்கப் போனார். ஒன்றரை நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

பிசியோ பிரிவு மருந்து ஸ்டோருக்குப் பின்னால் ஒரு நீண்ட அறை. இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவில் நடந்து பழக ஒரு பாதை, சுவர் முழுக்கக் கண்ணாடி, இருக்கையில் பிளாஸ்டர் ஒட்டிய நகராத சைக்கிள். அறை முழுக்க மெழுகும் களிம்பும் கலந்த வாசனை. பிசியோ பெண் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நடுவில் வட்டமும் இரண்டு பிளாஸ்டிக் கைகளும் இருந்த அளவுகோலை முழங்காலில் வைத்தாள். கோணம் அளக்கிற கருவி. தச்சர் அந்த நிலையிலும் அதை ஆசையோடு பார்த்தார்.

"இருபத்தஞ்சு" என்றாள்.

"சரியா வெச்சீங்களா?" என்றார் தச்சர்.

அவள் இன்னொரு முறை வைத்தாள். இருபத்தைந்துதான். முப்பது வருஷமாகத் தொண்ணூறு டிகிரிக்கு ஒரு மயிரிழை குறைந்தாலும் அறுத்துப் போட்டுத் திரும்பச் செய்தவரிடம் அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

தொடையில் வார் பதிந்த தழும்புகள் கோடு கோடாக இருந்தன. இது என்ன என்று கேட்டாள். தச்சர் எல்லாவற்றையும் விளக்கினார், இப்போது குரலில் வார்னிஷ் இல்லை. யார் கட்டிவிட்டது என்று கேட்டாள்.

"நானேதான் கட்டிக்கிட்டேன்."

பிசியோ தொடையைத் திருப்பி, பக்கிளின் அச்சு பின்பக்கம் பதிந்திருந்ததைப் பார்த்தாள். வெந்நீர்ப் பையை முழங்காலில் வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"மேஸ்திரி, பலகைய ஒட்டினா அசைக்கக்கூடாது. சரிதான். ஆனா இது சதை. இதுக்கு உசுரு இருக்கு. அசைஞ்சாதான் இது ஆறும். அசையாம வெச்சா பக்கத்துல இருக்கறதோட எல்லாம் ஒட்டிக்கும். எலும்பு நல்லா ஒட்டியிருக்கு. கூடவே அதச் சுத்தியிருக்கற எல்லாத்தையும் சேத்து ஒட்டிட்டீங்க."

தச்சர் வெந்நீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிளாம்பு போட்டா ஓரத்துல பசை வழியும். அத ஈரத்துலயே தொடச்சுறணும்" என்றார். "காஞ்சு போச்சுன்னா உளிதான்."

"ஆமா மேஸ்திரி. இப்ப உளி வேலதான்."

அடுத்த முறைக்குச் சீட்டு வாங்கத் தச்சரின் மனைவி வெளியே போனபோது பிசியோ அவளைத் தனியே நிறுத்தினாள்.

"தெனமும் இழுத்துக் கட்டினது நீங்கதானே அக்கா?"

"ஆமா."

"நான் சொன்னது ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

பிசியோ சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கெட்டை எடுத்தாள், தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "நானும் ஒரு ஃபோன் போட்டிருக்கணும். வரலையேன்னு பாத்திருக்கணும். முப்பத்தாறு பேரப் பாக்கறேன் நான்" என்றாள். அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று தச்சரின் மனைவிக்குத் தோன்றியது.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி. அவள் ஷிப்டை மாற்றிக்கொண்டாள். பிசியோ இரண்டு கட்டைவிரலாலும் தழும்பை அழுத்தி அழுத்திப் பிசைவாள். முழங்கால் சில்லைப் பக்கவாட்டில் தள்ளுவாள், மேலே தள்ளுவாள், கீழே தள்ளுவாள். மேஜை ஓரத்தில் உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்வாள், நல்ல காலை மேலே போட்டு அழுத்தச் சொல்வாள். குதிகாலில் துண்டைச் சுற்றி இழுக்கச் சொல்வாள். அந்த நகராத சைக்கிளில் ஏற்றி, முழுச் சுற்று வேண்டாம், அரைச் சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே என்பாள். ஊரில் பாதிப் பேருக்குக் கதவு மாட்டிக் கொடுத்த மனிதர் சீட் கிழிந்த சைக்கிளில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பதை மனைவி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாள்.

"மூச்ச அடக்காதீங்க மேஸ்திரி. வலிச்சா திட்டுங்க. என்னத் திட்டாதீங்க, பொதுவா திட்டுங்க."

அவர் படி கட்டினவனைத் திட்டினார்.

முப்பத்தாறு வந்தது. நாற்பத்தெட்டு வந்தது. ஐம்பத்தைந்து வந்த அன்று தச்சர் பிசியோவின் அளவுகோலைக் கேட்டு வாங்கித் தாமே வைத்துப் பார்த்தார். ஐம்பத்தாறு என்றார். பிசியோ, சரி, உங்களுக்காக ஐம்பத்தாறு என்று எழுதிக்கொண்டாள். வலி குறைந்துகொண்டே வந்தது. முதலில் கைத்தடி போயிற்று. பிறகு பஸ்ஸில் காலை நடைபாதையில் நீட்டாமல் உட்கார முடிந்தது. படியேறும்போது காலை மாற்றி மாற்றி வைத்தார், இறங்கும்போது மட்டும் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து நிறுத்தி, அடுத்த படியை நன்றாகப் பார்த்துக்கொண்டு இறங்கினார். மச்சான் வந்து பார்த்துவிட்டு, நான் அப்பவே சொன்னேன், கட்டை வேணாம், டாக்டர் சொல்றபடி கேளுங்கன்னு, என்றார். தச்சர் மறுக்கவில்லை. மறுக்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் துண்டை இழுக்கும் வேலையை முதலில் அவள்தான் செய்தாள். வாரை இழுத்த கையாலேயே இதையும் இழுத்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. ஆனால் அவர் வாயிலிருந்து முதல் முனகல் வந்ததும் கை தானாக விட்டுவிடும். நாலு நாள் பார்த்துவிட்டுப் பிசியோவிடம் தச்சரே சொன்னார்.

"நீங்க இழுக்காதீங்க அக்கா" என்றாள் பிசியோ. "உங்க கை அவரு மொகத்தப் பாத்துப் பாத்து வேல செய்யுது. அவரே செய்யட்டும். எந்திரிக்கறது, ஏறுறது, எடுக்கறது எல்லாம் அவரே. நீங்க பக்கத்துல இருங்க, தொடாம இருங்க. அதுதான் இப்ப உங்களுக்குப் பயிற்சி."

அடுப்பு மேஜை பழைய இடத்துக்குப் போயிற்று. தண்ணீர்ப் பானை மூலைக்குப் போயிற்று. அவர் டம்ளர் தண்ணீருக்காக நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து, நொண்டி நடந்து, மொண்டு குடித்துத் திரும்புகிறவரை அவள் கண்ணை வேறெங்காவது வைத்துக்கொள்வாள். சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற களைப்பைவிட, வீட்டில் சும்மா நிற்கிற களைப்பு பெரிதாக இருந்தது. கதைகளும் நின்றுபோயின. பயிற்சி செய்கிற மனிதருக்கு எத்தனை தடவை என்று எண்ணத்தான் நேரம் இருந்தது.

அறுபத்து மூன்று. அறுபத்தெட்டு. எழுபது. அடுத்த வாரம் எழுபது. அதற்கடுத்த வாரமும் எழுபது. மயக்கம் கொடுத்து ஒரே மடக்காக மடக்கிப் பார்க்கலாம், ஆனால் ஒட்டின எலும்பு உடைந்தாலும் உடையலாம் என்று பெரிய டாக்டர் எக்ஸ்ரேயிடம் சொன்னார். தச்சர் வேண்டாம் என்றுவிட்டார். இந்தக் கதையில் அவருக்கென்று நன்றாக வந்தது அந்த ஒட்டு ஒன்றுதான்.

மழை நின்றது. கடைசி நாள் அளவுகோல் எழுபத்திரண்டு காட்டியது.

"இதுக்கு மேல வராதுன்னு சொல்லமாட்டேன்" என்றாள் பிசியோ. "ஒரு வருஷம் விடாம செஞ்சா இன்னும் கொஞ்சம் வரும். நடக்கலாம், படியேறலாம், நின்னு வேல செய்யலாம். விட்டீங்கன்னா இதுவும் போயிரும்."

"முட்டி போடறது?"

அவள் அளவுகோலை மடக்கிப் பைக்குள் வைத்தாள். "அந்தக் கால்ல இல்ல மேஸ்திரி."

பிறகு, தரையில் உட்காரவும் அங்கிருந்து எழவும் ஒரு முறை இருக்கிறது என்று சொல்லி, தானே தரையில் இறங்கி ஒரு நாற்காலியைப் பிடித்து எழுந்து காட்டினாள். இப்போது நீங்கள் என்றாள். கண்ணாடிச் சுவரில் ஏழெட்டு நோயாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தச்சர் சட்டையை நீவி விட்டுக்கொண்டு, பார்த்துவிட்டேன், போதும் என்றார்.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. சலவைக்கூடத்தில் அரை நாள் ஷிப்ட்தான் என்றார்கள், ஹோட்டல் ஒன்றில் ஏதோ விசேஷம் என்று விரிப்புகள் கூடுதலாக வந்து மூன்றரை ஆகிவிட்டது. கதவைத் திறந்தபோது தச்சர் முன்னறையின் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கால் முன்னால் நீண்டிருந்தது. இரண்டு கையும் பின்னால் ஊன்றியிருந்தன. பக்கத்தில் கருவிப் பெட்டி, ஓரடிப் பலகை ஒன்று, சுத்தியல். நாற்காலிகள் நாலையும் சுவரோரம் தள்ளிவைத்து நடுவை ஒழித்திருந்தார். தரைப் பலகை போடுகிறவர்கள் முதலில் செய்கிற வேலை அது.

அவள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"தொடாத" என்றார்.

கை அவர் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"எப்ப உக்காந்தீங்க?"

"பன்னெண்டு இருக்கும்."

"பக்கத்து வீட்டக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

ஏன் கூப்பிடவில்லை என்று அவளுக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரரின் வாசல் நிலை கால் அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று அவரிடமே மூன்று முறை சொன்னவர்.

"செஞ்சு பாத்தேன்" என்றார் பிறகு. "முட்டிய விட்டுட்டு, ஒக்காந்த வாக்குல தரை வேல செய்ய முடியுமான்னு. ஒரு பலகை போட்டேன். அடுத்த பலகைக்கு நகர முடியல."

அவள் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கைகள் சும்மா இருக்க மறுத்ததால் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

"அந்தப் பொண்ணு சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு" என்றாள். "ரெண்டு வாரத்துல மடக்கணும்னு. தெனமும் வாரை இழுக்கும்போது ஞாபகம் வரும்."

"தெரியும்."

"நீங்க சொன்னீங்கன்னு மட்டும் நான் இழுக்கல. நீங்க வீட்டுல இருந்தீங்க. சோறு பொங்கி வெச்சுட்டு உக்காந்திருந்தீங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு. அந்த எட்டு வாரம் மாதிரி நான் இருந்ததே இல்ல." அவள் அழவில்லை. விரிப்பில் சுருக்கம் இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். "ஒங்க கால நான் தின்னுட்டேன்."

தச்சர் தரையில் கிடந்த பலகையை விரலால் சற்று நகர்த்தி நேராக வைத்தார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"மழைக்கு எலும்பு காயாதுன்னு எந்தத் தச்சனும் சொல்லமாட்டான்" என்றார். "எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

யார் எவ்வளவு தப்பு என்று பங்கு பிரிக்க அவர்களில் ஒருவருக்கும் தெம்பில்லை.

"நாற்காலியத் தள்ளி வை" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "நாற்காலிய மட்டும்."

அவள் சுவரோரத்திலிருந்து ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அவர் உடம்பைத் திருப்பினார். வலது காலைப் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டிக்கொண்டு, இடது முட்டியை அடியில் இழுத்துக் கொண்டுவந்தார். இரண்டு முழங்கையையும் நாற்காலியில் ஊன்றினார். முதல் தடவை இடுப்பு அரையடி எழும்பி உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் தடவை நாற்காலி வழுக்கி நகர்ந்தது. அவள் ஓடிப்போய் நாற்காலியின் பின்காலில் தன் பாதத்தை முட்டுக் கொடுத்து நின்றாள், அவரைத் தொடவில்லை. மூன்றாம் தடவை படி கட்டினவனையும் பெரிய டாக்டரையும் ஆறு மாணவர்களையும் ஒன்று சேர்த்துத் திட்டினார். இடது பாதம் தரையைப் பிடித்தது. அங்குலம் அங்குலமாக ஏறி, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவளுக்கும் வேர்த்திருந்தது.

மூச்சு வாங்கி முடித்ததும், போனை எடு என்றார்.

கான்ட்ராக்டருக்குப் போட்டார். அவன் இவரிடம் சுத்தியல் பிடிக்கப் பழகியவன். இந்தப் பதினைந்து வருஷத்தில் அவனை அவர் வாடா, போடா என்றுதான் பேசியிருக்கிறார், அவனும் அதை மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறான். இவராக அவனுக்கு போன் போட்டு அவள் பார்த்ததில்லை. வேலைதான் அவரைத் தேடி வரும்.

"தரைக்கு வேற ஆளப் பாத்துக்க" என்றார். "கால்ல ஒண்ணும் இல்ல. எலும்பு பிரமாதமா சேந்திருக்கு. முட்டி போட வராது, அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வலது காலின் பாரத்தை இடது காலுக்கு மாற்றினார்.

"இல்ல... நின்னுக்கிட்டு செய்யற மாதிரி ஏதாவது இருந்தா." நிறுத்தினார். "பட்டறையில பலகை அறுக்க, இழைக்க... யாராவது வேணும்னா சொல்லுங்க."

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையில் கிடந்த சுத்தியலையும் பலகையையும் எடுத்துப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள்.

"எட்டு மணிக்கா? சரிங்க" என்றார் தச்சர். "வந்துர்றேங்க."